வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு தெருவைத் தயார்செய்வது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் புதிதாக வேலையில் இறங்குவோருக்கு

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடற்கரையிலிருந்து இத்தனை தூரம் தள்ளி இருக்கும் நமக்கு இனி என்ன என்றுதான் பலரும் நினைத்தார்கள். வலுவிழந்த அந்தப் புயல் மேற்கே நகர்ந்து வந்து, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டிய மழையில் பாதிக்கு மேல் அது. தருமபுரி மாவட்டம் அரூரில் 30 செ.மீ.க்கு மேல். ஏரி நிரம்பி வெளியேறிய தண்ணீர், ஊத்தங்கரைச் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம்.

அதே மாவட்டங்களில்தான் சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் உட்கார முடியாமல் பாட்டிமார்கள் கட்டிலை வேப்பமரத்தடிக்கு நகர்த்துகிறார்கள். இந்த இரண்டையும் முதலில் தாங்குவது ஏரிக்கரையோரம், ஓடையோரம், பள்ளமான காலனிகளில் இருக்கும் குடும்பங்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய நினைக்கும் இளைஞர்கள், மகளிர் குழுவினர், கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எச்சரிக்கைச் செய்தி இன்று எல்லாருடைய கைபேசிக்கும் வந்துவிடுகிறது. ஆனால் கைபேசிக்கு வந்த செய்தி, படுக்கையில் இருக்கும் பெரியவரை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாது. அந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு தெரு

ஊர் முழுக்கச் செய்யக் கிளம்பாதீர்கள். நாற்பது, ஐம்பது வீடுகள் உள்ள ஒரு தெரு போதும். தருமபுரியில் சனத்குமார் நதி ஓரம், கிருஷ்ணகிரியில் ஏதாவது ஓர் ஏரிக்குக் கீழே, ஓசூரில் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் வாடகைக்கு இருக்கும் ஒரு சந்து என்று உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருவை இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும். ஒரு முறை மார்ச், ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்கு. இன்னொரு முறை நல்ல மழை பெய்யும்போது, குடையோடு. தனியாகப் போக வேண்டாம். அங்கன்வாடி ஆசிரியரோ, அந்தத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரோ உடன் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எந்தச் சாக்கடை எங்கே அடைக்கும், எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகக் கோப்புக்கும் தெரியாது.

வீட்டில் உட்கார்ந்ததும் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் பட்டாவும் வீடும்தான் பதிலாக வரும். அது நியாயமான கோரிக்கை, ஆனால் உங்கள் கையில் இல்லாதது. "போன பெருமழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். பல வீடுகளில் சுண்ணாம்பு உரிந்த ஒரு கோடு இன்னும் இருக்கும். அங்கே ஒரு டேப்பைப் பிடித்துத் தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, வடிய எத்தனை நாள் ஆனது, அன்று ராத்திரி எங்கே போய் இருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். பத்து வீட்டில் கேட்டால் தெருவின் வெள்ள வரைபடம் உங்கள் நோட்டில் வந்துவிடும்.

ஏரி விஷயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. நம் பக்கத்து ஏரிகள் பல சங்கிலித் தொடராக இருப்பவை. மேலே உள்ள ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், அடுத்து கீழ் ஏரி நிரம்பும். ஆகவே உங்கள் தெருவில் மழை விட்டிருந்தாலும், மேல் ஏரி கோடி போய்ச் சில மணி நேரம் கழித்துத் தண்ணீர் வரலாம். மேல் ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒருவரின் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் எடுத்துப் பேசுகிற ஆளாகப் பாருங்கள்.

வீட்டுப் பட்டியல்

இதுதான் மொத்த வேலைக்கும் முதுகெலும்பு. கணினி வேண்டாம், நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். வீட்டுக்கு ஒரு வரி. எத்தனை பேர், அதில் தானாக எழுந்து நடக்க முடியாதவர் யார், தனியாக இருக்கும் முதியவர் யார், கர்ப்பிணி, கைக்குழந்தை, டயாலிசிஸ் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், காது கேளாதவர். கூரை என்ன வகை, கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதும் வேண்டும். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் ஏராளம். ஓசூர் சிப்காட் பக்கம் இந்தி, ஒடியா, வங்காளம் மட்டும் தெரிந்த தொழிலாளர்கள் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் தமிழில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்துப் பயனில்லை. அந்த அறைகளிலேயே தமிழ் கொஞ்சம் பழகிய ஒருவரைப் பிடித்து வையுங்கள்.

கடைசிக் கட்டம்தான் முக்கியம்: இந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது? ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும், அந்த ஆள் ஊரில் இல்லாவிட்டால் வர இன்னொரு பெயரும். ஒருவருக்கு ஐந்து வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றால் இரண்டு பெயரையும் எழுதி, ஒரு நாள் கட்டிலோடோ நாற்காலியோடோ உண்மையாகவே தூக்கிப் பாருங்கள். வாசற்படி குறுகல், கட்டில் திரும்பாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இந்த நோட்டை வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடக் கூடாது. நோயும் தனிமையும் பற்றி நம்பிச் சொன்ன விவரங்கள் அதில் இருக்கின்றன. இரண்டே பேரிடம் இருக்கட்டும்.

எச்சரிக்கையைப் படிக்கப் பழகுங்கள்

வானிலை மையம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை என்றால் 12 முதல் 20, அதிகனமழை என்றால் 20 செ.மீ.க்கு மேல். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கு. கதவைத் தட்டும் ஆட்கள் எல்லாருடைய கைபேசியிலும் தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலியை ஏற்றிவிடுங்கள்; அது தமிழிலேயே இருக்கிறது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதித் தெருமுனைக் கடையில் ஒட்டுங்கள்.

அப்புறம், தெருவுக்கென்று ஒரு விதியை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். உதாரணமாக, ஆரஞ்சு வந்தால் இருட்டுவதற்குள் நடக்க முடியாதவர்களை மேட்டு வீடுகளுக்கோ பள்ளிக்கோ மாற்றிவிடுவது. சிறுபாலத்தின் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் எல்லாரும் கிளம்புவது. விதி முன்பே இருந்தால் நடுராத்திரியில் "போகலாமா, இன்னும் பார்க்கலாமா" என்ற வாக்குவாதம் இருக்காது.

தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்குக் கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணைகளில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு தனி. கர்நாடகப் பகுதியில் பெய்யும் மழையால்கூட ஆற்றில் தண்ணீர் கூடும். இங்கே வானம் தெளிவாக இருப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

வெயில்: கூரையிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளம் எப்போதாவது வருவது. வெயில் ஆண்டுதோறும் வருவது, சத்தமில்லாமல் வருவது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். ஆனால் ஷீட் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு வெளியே 37 இருந்தாலே உள்ளே தாங்காது. மதியம் மூன்று மணிக்கு அந்த ஷீட்டின் அடியில் கையை நீட்டிப் பாருங்கள், தொடாமலே அனல் தெரியும். குடத்துத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாக இருக்கும். ராத்திரி பத்து மணி வரை அந்தச் சூடு இறங்காது. அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

செலவு குறைந்த, உடனே பலன் தரும் வேலை கூரைக்கு வெள்ளையடிப்பது. சிமெண்ட் ஷீட்டுக்கும் தளத்துக்கும் சுண்ணாம்பு போதும். நன்றாக ஊறவைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மாசி மாதத்துக்குள் காலை நேரத்தில் இரண்டு பூச்சு அடியுங்கள். மழைக்குப் பிறகு கரைந்துபோகும், அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்தான் வேண்டும். முக்கியமான எச்சரிக்கை: பழைய சிமெண்ட் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது, பொத்துக்கொண்டு ஆள் உள்ளே விழுந்துவிடுவார். போல்ட் வரிசைக்கு மேல், அதாவது அடியில் கட்டை ஓடும் இடத்தில், நீளமான பலகை போட்டு அதன் மேல் நின்று அடிக்க வேண்டும். இரும்புப் பிரஷ் போட்டுச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசியில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல்.

நம் மாவட்டங்களின் கோடை, சென்னையைப் போலப் பிசுபிசுப்பானது இல்லை, காய்ந்த வெயில். இது நமக்குச் சாதகம். காய்ந்த காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுவது இங்கே நன்றாக வேலை செய்கிறது. 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மின்விசிறி மட்டும் போட்டால் சுடுகாற்றைத்தான் வீசும். கழுத்திலும் தோளிலும் ஈரத்துணி போட்டுக்கொண்டு விசிறிக்கு எதிரே உட்காரச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெண்கள், மண்டியில் மாங்காய்க் கூடை தூக்குகிறவர்கள், கிரானைட் பட்டறைக்காரர்கள், பேருந்து நிலையத்தில் தட்டு வைத்துப் பழம் விற்கும் அம்மாக்கள். "மதியம் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள்" என்பது அவர்களைப் பொறுத்தவரை அன்றைய கூலியை விட்டுவிடு என்பதுதான். அதனால் அப்படிச் சொல்லிவிட்டு வராதீர்கள். மேஸ்திரியிடம் போய், காலை ஆறு மணிக்கே தொடங்கி நடுப்பகலில் நிறுத்தலாமா, நிழலுக்கு ஒரு பச்சை வலை கட்டலாமா, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க விடலாமா என்று பேசுங்கள். பெண்கள் பலர் கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அங்கே தண்ணீர்ப் பந்தலைவிட முதலில் தேவை ஒரு கழிப்பறை.

குடிக்க நீர்மோரும், மோர் கலந்த கேழ்வரகுக் கூழும் அருமையானவை, நம் ஊரில் எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை. வாந்தி, பேதி, அதிக வியர்வை என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்பதை வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியரிடம் கேட்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டமே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் நோட்டில் உள்ள நோயாளிகள் அவர்கள் பட்டியலிலும் இருக்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஒருவர் வெயிலில் உளற ஆரம்பித்தாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே முடிந்துவிட்டால் காரணத்தை நிரூபிப்பது கடினம் என்பதையும் குடும்பங்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கோடை மழை, காற்று, இடி

ஏப்ரல், மே மாத மாலைகளில் திடீரென்று அடிக்கும் காற்றில் மாங்காய் உதிர்வது போலவே ஷீட்டும் பறக்கிறது. கூரை மேல் கல்லை அடுக்கி வைப்பது நம் வழக்கம். காற்றில் அந்தக் கல்தான் தலையில் விழுகிறது. கல்லை இறக்கிவிட்டு, கொக்கி போல் வளைந்த ஜே-போல்ட் போட்டு முறுக்குங்கள், முடியாவிட்டால் மணல் மூட்டையைக் கயிற்றால் கட்டுங்கள். இடி இடிக்கும்போது சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒதுங்குவதை நிறுத்தியாக வேண்டும்.

பெருமழை வரும் இரவு

எங்கே போவது என்பது செப்டம்பருக்குள் முடிவாகியிருக்க வேண்டும். நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, ஐப்பசிக்குக் காத்திருக்கக் கூடாது. பக்கத்துப் பள்ளியோ சமுதாயக் கூடமோ எதுவானாலும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலைமையாசிரியர் வேறு ஊரில் குடியிருப்பார். இரவுக் காவலரின் எண், வார்டு கவுன்சிலரின் எண், கிராம நிர்வாக அலுவலரின் எண் மூன்றும் நோட்டில் வேண்டும். அங்கே பெண்களுக்குக் கழிப்பறையில் தண்ணீரும் விளக்கும் இருக்கிறதா என்று முன்பே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள், அவர்களோடு குழந்தைகளும் வர மாட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை: ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு, ஒரு வாரத்து மாத்திரை, டார்ச். எல்லாம் தடித்த பிளாஸ்டிக் உறையில். ஊருக்குள் பல வீடுகளில் இவை அரிசி டிரம்முக்கு அடியிலோ மெத்தைக்குக் கீழோ இருக்கின்றன, தண்ணீர் முதலில் தொடும் இடம் அது. சுவரில் நீங்கள் குறித்த வெள்ளக் கோட்டுக்கு இரண்டடி மேலே ஓர் ஆணி அடித்து அங்கே மாட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் வாசலுக்கு வருவதற்குள் மெயினை அணைக்க வேண்டும். ஈரக்கையோடு, தண்ணீரில் நின்றுகொண்டு தொடக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் போகாமல் மின்னகத்துக்குச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீர் முழங்காலளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், இரண்டடி இருந்தால் காரே மிதக்கும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் இந்தப் பக்கமே நிற்பதுதான் சரி. இளைஞர்கள் வண்டியில் கடந்து காட்டுவதைத் தடுக்க, பாலத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்துங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றிலும் போர்வெல்லிலும் சாக்கடை கலந்திருக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் நம் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது, பல்லும் எலும்பும் கெட்டதை மூன்று தலைமுறையாகப் பார்க்கிறோம். கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆகவே மழை எச்சரிக்கை வந்த அன்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை மூடியுள்ள குடங்களில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், ஓர் ஆளுக்குக் குடிக்கவே நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கில். கிணற்றுக்குக் குளோரின் போட நகராட்சிச் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். சேற்றில் இறங்கிச் சுத்தம் செய்பவர்களுக்குக் காலில் பூட்ஸ் அவசியம். எலிக் காய்ச்சல் புண் வழியாக ஏறும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வீடு சேதமானால் துடைப்பத்தைக் கையில் எடுக்கும் முன் கைபேசியில் படம் எடுங்கள். வீட்டின் முகப்பு, உள்ளே தண்ணீர்க் கோடு, நனைந்த பொருட்கள், கூடவே குடும்பத் தலைவி ரேஷன் கார்டைப் பிடித்திருக்க ஒரு படம். கணக்கெடுப்புக்கு வருவாய்த் துறையினர் வரும்போது வாடகை வீட்டில் இருப்பவர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் விட்டுப்போகிறார்கள். அந்த அறைகளுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

அலுவலகத்தில் கேட்பது

சாக்கடை தூர்வாருவதும் சிறுபாலத்தை அகலமாக்குவதும் தெருவால் முடியாது. முதலில் அது யாருடைய வாய்க்கால் என்று கண்டுபிடியுங்கள். நகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, நீர்வளத் துறையா, ஊராட்சி ஒன்றியமா? தேசிய நெடுஞ்சாலையின் மேட்டில் தண்ணீர் முட்டி நின்றால் அதற்கு வேறு அலுவலகம். தவறான மேசைக்குப் போன மனு அங்கேயே கிடக்கும்.

மனுவில் ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள். "எங்கள் பகுதிக்கு வடிகால் வசதி செய்து தர வேண்டும்" என்றால் யாருக்கும் வேலை புரியாது. "இந்தத் தெருவின் கீழ் முனையில் உள்ள சிறுபாலக் குழாய் பாதிக்கு மேல் மண்ணால் மூடியுள்ளது; மழை பெய்தால் இத்தனை வீடுகளில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது; பருவமழைக்கு முன் தூர்வார வேண்டும்" என்று எழுதி, படமும் வீட்டு அளவுகளும் சேருங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, பதிவு எண்ணுள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டம் நடக்கும்போது அதே கோரிக்கையைத் தெருப் பெண்களே எழுந்து சொல்லட்டும், தீர்மானத்தில் ஏறியதா என்று பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் பேசினால் வந்துபோகிறவர் பேசியதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர் பேசினால் அடுத்த கூட்டத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நோட்டை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும், வீடு வீடாகப் போய்த் திருத்துங்கள். வாடகைக்கு வந்தவர்கள் மாறியிருப்பார்கள், புதிதாகக் குழந்தை பிறந்திருக்கும், கதவைத் தட்டுவதாக ஒப்புக்கொண்ட பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான். அவன் பெயரை அடித்துவிட்டு அந்த ஐந்து வீட்டுக்கும் வேறு ஆளை அன்றைக்கே எழுதிவிட்டு வாருங்கள்.